முதுகுப் பாதி

பிளாஸ்டர் பவுடர் கடைக்காரர் எதையும் நேராகச் சொல்கிற ஆள் இல்லை. பையைத் தராசில் வைத்து, முள் ஆடி நிற்கிறவரை வெளியே தூறலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வருஷா வருஷம் இதே மாசம் அஞ்சு கிலோ பிளாஸ்டர் வாங்கறீங்க. பொம்மைக்குப் பூச்சு அடிக்க எதுக்கு இவ்வளவு பிளாஸ்டர்?" என்றார்.

"ஓட்டை அடைக்க," என்றார் பூச்சுக்காரர்.

"அஞ்சு கிலோவுக்கா ஓட்டை?"

பூச்சுக்காரர் பையின் வாயைச் சுருட்டி நூலால் கட்டினார். இரண்டு முடிச்சு போதும். நான்கு போட்டார்.

"உங்க தம்பி வீட்டுல சாமான் கட்டறாங்களாமே," என்றார் கடைக்காரர், இப்போதுதான் விஷயத்துக்கு வந்து. "சனிக்கிழமை மத்தியானம் லாரி. வீட்டம்மாவுக்கு வேற ஊர்ல வேலை. இவருக்கும் அங்கயே டைல்ஸ் கம்பெனில சொல்லி வெச்சிருக்காம். பழைய அச்செல்லாம் குப்பை வண்டிக்காம். உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

"ம், சொன்னான்," என்றார் பூச்சுக்காரர். ஆறு வருடமாகத் தம்பி அவரிடம் ஒரு சொல் பேசியதில்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும், தராசுக்கும் தெரியும்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். இன்று புதன். நடுவில் இரண்டு நாள்.

அண்ணனைப் பூச்சுக்காரர் என்றும் தம்பியை வார்ப்புக்காரர் என்றும்தான் ஊரில் சொல்வார்கள். ஒரே கூரையின் கீழ் இருபது வருடம் வேலை செய்தவர்கள். தம்பி அச்சில் ஊற்றி எடுப்பான். மாவில் பிடித்ததுபோல வெள்ளை வெளேரென்று இருக்கும் அந்தப் பொம்மை அண்ணன் மேசைக்கு வரும். அச்சின் இரண்டு பாதிகள் சேருகிற இடத்தில் தலையிலிருந்து அடிவரை ஒரு கோடு ஓடும். அங்கங்கே பிளாஸ்டர் வெளியே பிதுங்கிப் பிசிறாக நிற்கும். அண்ணன் பிசிறைத் தட்டி, கோட்டைச் சீவி, உப்புத்தாள் போடுவார். கருங்கல் பூச்சு கேட்டிருந்தால் சாம்பல் நிறம் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்து விரலால் தெறிக்கவிடுவார். பித்தளை கேட்டிருந்தால் பச்சை கலந்த கறுப்பை மடிப்புகளுக்குள் இறக்கி, மேலாகத் துடைத்து, மேடுகளில் மட்டும் பொன்னிறத்தைத் தொட்டும் தொடாமலும் தடவுவார். "கோடு தெரிஞ்சா பொம்மை, தெரியலேன்னா ஆளு" என்பது அவர் வாடிக்கையாகச் சொல்வது.

சண்டை சின்ன விஷயத்தில்தான் வந்தது. ஓட்டல் ஒன்றுக்குப் பன்னிரண்டு சிலை. மூன்றில் காற்றுக் குமிழிகள். ஓட்டல்காரர் முன்னாலேயே பூச்சுக்காரர், "இவன் வார்க்கறதுல பாதி காத்து சார். நான்தான் பட்டி வெச்சு ஆளாக்கறேன்," என்று சிரித்தார். ஓட்டல்காரரும் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இனிமே நீங்களே வார்த்துக்கங்க," என்று போய்விட்டான்.

பாகம் பிரிக்க வந்தவர் அவர்களுடைய தாய்மாமன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் கிழித்துப் பழகிய கை. சுவரோரம் வரிசையாக இருந்த நாற்பத்தொரு அச்சுகளையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று. ரப்பரும், ரப்பர் நெளியாமல் பிடித்துவைக்கிற கெட்டியான பிளாஸ்டர் கூடும்.

"எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு. நல்லதாப் போச்சு, ஆளுக்கு ஒண்ணு," என்றார் மாமா.

ஒரு பாதியை வைத்துக்கொண்டு எதையும் வார்க்க முடியாது என்று சொல்ல ஒரு வாய் போதும். அங்கே இரண்டு வாய் இருந்தது. அவன் சொல்லட்டும் என்று இவரும், இவர் சொல்லட்டும் என்று அவனும் நின்றார்கள்.

"பெரியவனே, எந்தப் பக்கம் வேணும்?"

"எதுவா இருந்தாலும் சரி."

"சின்னவனே?"

"முன்பக்கம்."

உள்ளேயிருந்து பூச்சுக்காரரின் மனைவி எட்டிப் பார்த்தாள். "மூஞ்சியெல்லாம் அவனுக்கு, முதுகெல்லாம் உங்களுக்கா? யார் கடைல வியாபாரம் நடக்கும்னு இப்பவே தெரிஞ்சு போச்சு!" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அப்போதே அவளுக்கு அந்த இருமல் இருந்தது.

ஒரு மாதம் தாங்க மாட்டார்கள், அச்சுக்காகவாவது ஒட்டிக்கொள்வார்கள் என்று மாமா கணக்குப் போட்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது. மாமா கண்ணை மூடினார். இவர்கள் ஒட்டவில்லை. தம்பி முன்பாதிகளில் மட்டும் ஊற்றி, சுவரில் மாட்டுகிற அரைச் சிலைகளாக விற்றான். அண்ணன் மற்ற வார்ப்புக்காரர்களின் பொம்மைகளுக்குப் பூச்சு வேலை செய்தார். பாகம் பிரித்த மறுவருடம் அந்த இருமலிலேயே அண்ணனின் மனைவி போய்விட்டாள். தம்பி வந்தான், தோள் கொடுத்தான், வந்த வழியே போனான்.

நாற்பத்தொன்றில் ஒரு அச்சு அவளுடையது. ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிற பெண், இரண்டடி உயரம். களிமண்ணில் அதைச் செய்தபோது முகத்தையும் கையையும் தம்பி முன்னால் உட்கார்ந்து பிடித்தான். பின்னலையும் முதுகையும் அண்ணன் பின்னால் நின்று பிடித்தார். "ரெண்டு பேரும் இப்படி வளைச்சுக்கிட்டா அடுப்பை யார் பாக்கறது?" என்று அவள் நாள் முழுக்க முனகினாள். அந்தப் பொம்மை நூற்றுக்கணக்கில் விற்றது. வீட்டில் ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. அச்சு இருக்கும்போது பொம்மை எதற்கு? எப்போது வேண்டுமானாலும் ஊற்றிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை அவர் தம்பி வீட்டுத் தெருமுனைவரை போய், குடையை மறந்துவிட்டதாகத் தனக்கே சொல்லிக்கொண்டு திரும்பினார். குடை கையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தார். வாசலெல்லாம் அட்டைப்பெட்டி. தம்பி மனைவி கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கயிறு வாயிலிருந்து விழுந்தது.

"வாங்க மாமா. உள்ள வாங்க. எங்க உக்காரச் சொல்றதுன்னுதான் தெரியல, நாற்காலியெல்லாம் கட்டியாச்சு."

"பரவாயில்லம்மா. நிக்கறேன்."

"நின்னுக்கிட்டு எப்படி டீ குடிப்பீங்க? இந்தப் பெட்டி மேல உக்காருங்க, பாத்திரம்தான். ஏங்க, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க!"

தம்பி பின்கட்டிலிருந்து வந்தான். காதோரம் நரைத்திருந்தது. கையில் இருந்த பழைய துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான், துடைக்க ஒன்றுமில்லாத விரல்களை.

"வாங்கண்ணே."

"ம். கிளம்பறீங்களாமே."

"நாளைக்கு."

"மழை பேஞ்சுக்கிட்டே இருக்கு."

"தார்ப்பாய் கேட்டிருக்கேன்."

டீ வந்தது. பூச்சுக்காரர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அச்செல்லாம் என்ன பண்ணப்போற?" என்றார்.

"பாதி அச்சை வெச்சு என்ன பண்றது? வண்டிக்காரன் நாலு நடை அடிச்சுட்டான். கடைசி நடை இன்னும் போகல."

"அதுல... பட்டாணி உரிக்கறது..."

நேற்றெல்லாம் சேர்த்துவைத்திருந்த வாக்கியங்கள் டீயில் பிஸ்கட் விழுந்ததுபோல் ஆயின. தம்பி எழுந்து உள்ளே போனான். போர்வையால் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிவந்து, பெட்டிமேல் வைத்துப் பிரித்தான். கூட்டுக்குள் ரப்பர் பதிந்து உட்கார்ந்திருந்தது. மேலே வெள்ளையாகப் பவுடர் தூவியிருந்தது. பூச்சுக்காரர் விரலால் தொட்டுப் பார்த்தார். குழந்தையின் காதுமடல்போல மெத்தென்று இருந்தது. முகம் உள்பக்கமாகக் குழிந்து, மூக்கு பள்ளமாக, கண் பள்ளமாக.

"இவ்வளவு புதுசா இருக்கே. இதுல ஊத்தவே இல்லையா?"

"இல்ல."

"அரைச் சிலை நல்லா வித்துதுன்னாங்களே."

"மத்ததெல்லாம் வித்தேன்." தம்பி போர்வையின் நுனியை மடித்தான். "அண்ணிய பாதியா வார்க்க மனசு வரல."

பூச்சுக்காரர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு பொத்துப்போனது.

"உங்க பாதி எப்படி இருக்கு?" என்று தம்பி கேட்டான்.

"இருக்கு."

"கூட்டுலதான வெச்சிருக்கீங்க? வெளிய எடுத்துட்டா ரப்பர் சுருங்கிரும்."

"ம்."

"அப்ப நானே காலைல வந்து வார்த்துட்டுப் போயிடறேன். நீங்க ஊத்தினா..." தம்பி நிறுத்தி, முதல்முறையாக லேசாகச் சிரித்தான். "பாதி காத்துதான் இருக்கும்."

"சொல்லுடா, சொல்லு. ஆறு வருஷம் சேத்து வெச்சிருந்தியா இதை?"

"ஆறு வருஷமும் இதைத்தான் சேத்து வெச்சிருக்காரு மாமா," என்றாள் தம்பி மனைவி, கயிற்றை மறுபடி பல்லில் வைத்தபடி.

வீடு திரும்பியதும் பூச்சுக்காரர் கதவைத் தாழிட்டார். பட்டறை அறையின் சுவரில், ஆணியில், அவருடைய பாதி தொங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் மட்டும். கூடு ஒருநாள் கைதவறி இரண்டாக உடைந்து, கம்பி போட்டுக் கட்டி மூலையில் கிடந்தது. அவர் வெந்நீர் வைத்து ரப்பரை ஊறவிட்டார், எடுத்தார், நான்கு பக்கமும் இழுத்தார், கூட்டில் உட்காரவைத்துப் பார்த்தார். இடது தோளில் ஒரு விரற்கடை இடைவெளி. இன்னொரு முறை ஊறவிட்டார். அதே விரற்கடை.

அதற்குப் பிறகுதான் அலமாரியைப் பார்த்தார். அங்கே நான்கு முதுகுகள் உட்கார்ந்திருந்தன. அவள் போனபிறகு ஒவ்வொரு வருடமும் அவள் போன மாதத்தில், யாருக்கும் சொல்லாமல், தெரியாத வார்ப்பைத் தெரிந்தமட்டும் செய்து அவர் ஊற்றி எடுத்த பின்பாதிகள். ஒன்று கருங்கல், ஒன்று பித்தளை, ஒன்று சுட்டமண், ஒன்று ஈரப்பாசி படிந்த பழைய சுவர்போல. பூச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. நான்கும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால், அறைக்குள் வருகிறவருக்கு நான்கு பெண்கள் ஏதோ கோபத்தில் திரும்பி உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். ஆனால் யாரும் வருவதில்லை.

ஒன்றைத் தூக்கிக் குளியலறையில் வைத்தார். ஈரம் பட்டுப் பூச்சு கெடும் என்று திரும்பக் கொண்டுவந்தார். கடைசியில் நான்கின்மேலும் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினார்.

சனிக்கிழமை ஏழரைக்கெல்லாம் தம்பி வந்துவிட்டான். ஒரு தோளில் போர்வை மூட்டை, மறு தோளில் ஒரு மூட்டை பிளாஸ்டர். அறை வாசலில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தான். ஜன்னலோர முக்காலி அங்கேயே இருந்தது.

"வாளி எங்க?"

"இரு, நான் எடுத்துட்டு வரேன்."

"இங்கதான இருக்கும்," என்று தம்பி விரிப்பின் நுனியைத் தூக்கினான்.

தூறல் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. தம்பி விரிப்பை மெதுவாக முழுவதும் இழுத்தான். ஒவ்வொரு முதுகாகப் பார்த்தான். சுட்டமண் முதுகின் பின்னலைத் தொட்டான். பிறகு பித்தளையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். முன்னால் முகமில்லை, மடியில்லை. வெறும் குழி. வழித்துவிட்ட பிளாஸ்டரில் விரல் தடங்கள். ஓரத்தில் ஒரு சிலந்தி வலை.

பூச்சுக்காரர் ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தார். "கூடு உடைஞ்சு போச்சு. ரப்பரை ஆணில மாட்டிட்டேன். சுருங்கிருச்சு. தோள்ல ஒரு விரல் சேராது. தப்பு என்னுதுதான்."

திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. தம்பி பித்தளை முதுகை இருந்தபடியே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

"இதுல குமிழியே இல்லையே," என்றான். "எப்படி ஊத்தினீங்க?"

"பிரஷ்ல முதல்ல ஒரு கை தடவிட்டு..."

"அதான பாத்தேன். பூச்சுக்காரன் புத்தி." சட்டைக் கையை மடித்துவிட்டான். "களிமண் இருக்கா? தோளை அடைச்சுப் பாப்போம்."

இரண்டு பாதிகளையும் சேர்த்து, கூட்டைச் சுற்றி டியூப் பட்டைகளை இழுத்துக் கட்டினார்கள். அடிப்பக்கம் மேலே வரும்படி அச்சைத் தலைகீழாகப் பழைய டயருக்குள் நிறுத்தினார்கள். தோளில் சேராத இடத்தில் தம்பி களிமண்ணை உருட்டி அடைத்தான். வாளித் தண்ணீரில் பிளாஸ்டரைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினான். அது தானாக நனைந்து இறங்கும்வரை காத்திருந்து, அடியில் கைவிட்டு, ஒரு குமிழி எழும்பாமல் கலக்கினான். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் அந்தக் கையை அவர் இப்படிப் பார்த்ததில்லை.

முதல் ஊற்று நன்றாகப் போனது. இரண்டாவதில் களிமண் பிதுங்கியது. தோளிலிருந்து பாலாக வழிந்தது.

"அண்ணே, புடிங்க! அமுக்குங்க!"

இருவரும் மண்டியிட்டு அச்சை ஆளுக்கொரு பக்கம் கட்டிப் பிடித்தார்கள். தம்பி உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்தினான். கையை எடுத்தால் எல்லாம் தரையில். பிளாஸ்டர் இறுகுகிறவரை அப்படியே இருப்பதைத் தவிர வழியில்லை. இருவரின் தலையும் ஒன்றையொன்று தொடுகிற தூரத்தில் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாத தூரமும் அதுதான்.

"எவ்வளவு நேரம்?" என்றார் பூச்சுக்காரர்.

"இருபது நிமிஷம். லாரி பன்னெண்டுக்கு. நேரமிருக்கு."

"முட்டி போகுதுடா."

"அசையாதீங்க."

கொஞ்ச நேரத்தில் சூடு ஏறத் தொடங்கியது. பிளாஸ்டர் இறுகும்போது சுடும் என்பது இருவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு வார்ப்பை இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாரும் உட்கார்ந்ததில்லை. கூட்டைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, மார்புவரை வெதுவெதுப்பு வந்தது.

"காய்ச்சல் அடிக்கற மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பூச்சுக்காரர் நிறுத்தினார்.

வெகுநேரம் கழித்துத் தம்பி கேட்டான். "கடைசில அண்ணி என்னைக் கேட்டாங்களா?"

"தினமும் கேட்டா."

"நீங்க சொல்லி அனுப்பல."

"நீயே வருவேன்னு இருந்தேன்."

"நீங்க கூப்பிடுவீங்கன்னு நான் இருந்தேன்."

சூடு உச்சத்துக்கு வந்து, மெல்ல இறங்கியது. தம்பி உள்ளங்கையை உரித்து எடுத்தான். சிவந்திருந்தது. எழுந்து வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

"இப்ப பிரிக்காதீங்க. மத்தியானத்துக்கு மேல பிரிங்க. இந்த மழை ஈரத்துல காய பத்து நாள் ஆகும், பன்னெண்டுன்னே வெச்சுக்கங்க. கன்னத்துல வெச்சுப் பாருங்க. ஜில்லுனு இருந்தா ஈரம். காயாம பெயின்ட் அடிச்சா உரிஞ்சு வந்துரும்."

"எனக்கே சொல்லித்தரியா?"

"சொல்லிவெக்கறேன்." வாசல்வரை போனவன் திரும்பினான். "என்ன பூச்சு குடுப்பீங்க?"

பூச்சுக்காரருக்குத் தெரியவில்லை. கருங்கல்லா, பித்தளையா, மண்ணா? அவள் இவை எதுவுமே இல்லை.

"காயட்டும்," என்றார்.

மூன்று மணிக்கு அவர் தனியாகப் பட்டைகளை அறுத்து, கூட்டைக் கழற்றி, ரப்பரை உரித்தார். பின்பாதி காதோரம் கிழிந்து கையோடு வந்தது; இனி அதில் எதுவும் ஊற்ற முடியாது. அவள் முழுதாக உட்கார்ந்திருந்தாள். மடியில் பட்டாணி, வாயோரத்தில் அந்த முனகல். ஒட்டுக்கோடு தலையிலிருந்து இறங்கி, இடது தோளில் தடித்த பிசிறாகப் பிதுங்கியிருந்தது. பிசிறில் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. ரேகைகூடத் தெரிந்தது. அவர் தன் கையை அதில் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை.

அவளை ஜன்னலோர முக்காலியில், அறையைப் பார்த்தபடி வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.

"காஞ்சுதாண்ணே? பூச்சு என்னன்னு கேக்கத்தான்."

"இன்னும் இல்லடா. ஜில்லுனுதான் இருக்கு. அங்க மழை உண்டா?"

"தூறல்தான். டைல்ஸ் கம்பெனில எல்லாம் மிஷின்தான், கைக்கு வேலையே இல்ல." அப்படி ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினான். அடுத்த வாரமும் கூப்பிட்டான். அதற்கடுத்த வாரமும்.

மழை நின்றுபோனது. வெயில் ஜன்னல் வழியாக முக்காலிவரை வந்து போகத் தொடங்கியது. பூச்சுக்காரரின் மேசையில் அரமும் உப்புத்தாளும் எடுத்துவைத்தபடியே இருந்தன. தோளில் இருந்த பிசிறும் அப்படியே இருந்தது. ஒன்பதாவது வாரம் போன் அடித்தபோது அவர் எழுந்து போய், குனிந்து, அவள் முதுகில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். வெயிலில் கிடந்த ஓடுபோலக் காய்ந்து, வெதுவெதுப்பாக இருந்தது.

"காஞ்சுதாண்ணே?"

"இன்னும் ஈரம் போகலடா."

அந்தப் பக்கத்தில் இருந்தவன் இருபத்தாறு வருடம் பிளாஸ்டர் வார்த்தவன்.

"சில சமயம் அப்படித்தான், இழுத்துரும்," என்றான். "அவசரப்படாதீங்க. அடுத்த வாரம் கேக்கறேன்."